ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வீட்டுக்கு ஒரு கோல்ஃப் சிமுலேட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி?' என்று என் தலைப்பைச் சொன்னதும் செயலாளர் அண்ணன் சிரித்துவிட்டார். "தம்பி, நம்ம ஊர்ல கிட்டிப்புள்ளு விளையாடவே இடம் இல்ல. கோல்ஃபா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் இடம் இல்லாததுதான் இந்தத் தலைப்புக்கே காரணம்.

என்னோடு படித்த நண்பர் ஒருவர், வயதான தாயாரைக் கவனித்துக்கொள்ள பெங்களூரை விட்டுச் சுந்தரபாண்டியபுரத்துக்கே குடி வந்துவிட்டார். அவர் மகளுக்கு 11 வயது. பெங்களூரில் இரண்டு வருஷம் முறையாகக் கோல்ஃப் கற்றவள். இங்கே திரும்பிய பக்கமெல்லாம் வயல், சீசனில் சூரியகாந்தி. கோல்ஃப் மைதானம்தான் இல்லை. ஆரியங்காவைத் தாண்டி 100 கிலோமீட்டருக்கு மேல் போனால் திருவனந்தபுரம் கவுடியாரில் 9 குழி மைதானம் உண்டு. கொடைக்கானலில் 1895-இல் தொடங்கிய கிளப் இருக்கிறது. அதற்கு மலையேற வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வாரம் மூன்று நாள் கூட்டிக்கொண்டு போக முடியுமா? மாடி அறையில் சிமுலேட்டர் வைத்துவிடலாம் என்று நண்பர் முடிவு செய்து, "எலேய், எத வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்டார். தொழிற்சாலைகளில் அளவுக் கருவிகள் பொருத்துவதுதான் என் பிழைப்பு; அதனால் கேட்டார்.

கருவி மட்டுமே ஒரு லட்சத்துக்குள்ளும் கிடைக்கிறது. இருபது லட்சத்தைத் தாண்டியும் இருக்கிறது. கடைக்குப் போனால் பெரிய திரையில் பச்சைப் புல்வெளியைக் காட்டுவார்கள். பார்த்ததும் மயக்கம் வரும். நான் நண்பரிடம் சொன்னது ஒன்றுதான். "படத்தை அப்புறம் பார்ப்போம். இந்தக் கருவி எதை அளக்கிறது, எதைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது, அதை முதலில் கேள்."

ஏன் அப்படிக் கேட்க வேண்டும்? கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது; விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. நல்ல ஆட்டக்காரர் அடித்தால் அது மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். மைதானத்தில் 200 மீட்டருக்கு மேல் பறக்கும். நம் அறையிலோ 3 மீட்டர் பறந்து திரையில் மோதி நின்றுவிடும். அந்த 3 மீட்டருக்கு ஆகும் நேரம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 23-இல் ஒரு பங்கு. அதற்குள் வேகம், எழும் கோணம், திசை, சுழற்சி எல்லாவற்றையும் பிடித்தாக வேண்டும். மிச்சப் பயணம் முழுக்கக் கணக்கு. திசையில் ஒரே ஒரு டிகிரி தவறினால் அறைக்குள் 5 சென்டிமீட்டர் வித்தியாசம். 200 மீட்டரில் அது மூன்றரை மீட்டர்!

சுழற்சி இன்னும் முக்கியம். பின்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று தூக்கிப் பிடிக்கும். சுழற்சியின் அச்சு சாய்ந்தால் பந்து பக்கவாட்டில் வளையும். 1852-இல் மேக்னஸ் ஆராய்ந்து சொன்ன விளைவு இது; திரவ இயக்கவியல் பாடத்தில் தூங்காதவர்களுக்கு ஞாபகம் இருக்கும். டிரைவர் மட்டையில் நிமிஷத்துக்குச் சுமார் 2,500 சுற்று. குட்டை வெட்ஜ் மட்டையில் 9,000 கூட வரும். விலை குறைந்த கருவிகளில் சில இதை அளப்பதில்லை. மற்ற எண்களை வைத்து ஊகிக்கின்றன. வளைந்து போக வேண்டிய பந்தைத் திரை நேராகக் காட்டினால், அந்தப் பிள்ளை தப்பான அடியையே சரி என்று ஆயிரம் தரம் பழகிவிடும். வீணாவது பணம் மட்டுமல்ல, அவளுடைய இரண்டு வருஷம்.

அளக்கும் முறை இரண்டு வகை. ஒன்று ரேடார், போலீஸ்காரர் வண்டி வேகம் பிடிக்கிற அதே டாப்ளர் தத்துவம். டென்மார்க்கின் டிராக்மேன் இதில் பேர் பெற்றது. வெட்டவெளியில் பந்து பறப்பதை ரேடார் தொடர்ந்து பார்க்கும், அது அதன் பலம். ஆனால் வீட்டுக்கு வாங்கும் ரேடார்களில் பலவற்றைப் பந்துக்குப் பின்னால் 6, 7 அடி தள்ளி வைக்க வேண்டும். முன்னாலும் பந்து 8 அடியாவது பறக்க வேண்டும். சுழற்சியைப் படிக்கச் சிலவற்றுக்குப் பந்தில் உலோகப் பொட்டு ஒட்ட வேண்டியிருக்கும். மற்றது கேமரா. ஃபோர்சைட் ஜிசி குவாடில் நான்கு கேமராக்கள். பந்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கிளம்பும் கணத்தைப் படம் பிடிக்கும். யூனீகோர் கருவிகளில் சில கூரையில் தொங்கும். வலக்கையரும் இடக்கையரும் மாறி மாறி ஆடினாலும் நகர்த்த வேண்டாம். சிறிய அறைக்குக் கேமராதான் தோது.

அடுத்தது அறை. டேப்பை எடுங்கள். உயரம் 10 அடி இருந்தால் நிம்மதி. நம்ம வீடுகளில் நடுவிலே ஒரு மின்விசிறி தொங்குமே, அதை முதலில் கழற்ற வேண்டும்! வாங்குவதற்கு முன் வீட்டில் உயரமானவர் நீண்ட மட்டையை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கட்டும். திரைக்கும் பின்சுவருக்கும் ஒரு அடி இடைவெளி விடுங்கள். திரையை விறைப்பாகக் கட்டினால் பந்து நம் மேலேயே திரும்பி வரும்.

விரிப்பில் சிக்கனம் வேண்டாம். சிமெண்டுத் தரைமேல் மெல்லிய விரிப்பு போட்டு அடித்தால் மணிக்கட்டும் முழங்கையும் போய்விடும். அதோடு, பந்துக்கு முன்னால் தரையில் பட்ட மட்டையைப் புல் பிடித்து நிறுத்தும். கெட்டி விரிப்பு வழுக்கி விட்டுத் தவறை மறைத்துவிடும்.

இன்னொன்று நம்ம ஊருக்கே உரியது. ஆனி, ஆடிச் சாரலில் டப்பாவில் வைத்த அப்பளமே நமத்துப் போகும். கேமரா லென்சில் பூஞ்சை பிடிக்காமல் இருக்குமா? ஜன்னல் இறுக மூடும் அறை, ஸ்டெபிலைசர், யுபிஎஸ் மூன்றும் வேண்டும். மென்பொருளுக்கு வருஷா வருஷம் சந்தா உண்டா, இணையம் போனாலும் ஓடுமா என்பதையும் கேளுங்கள். புரொஜக்டரும் கம்ப்யூட்டரும் கடைசி. அவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தாலும் சிமுலேட்டருக்கு ஒன்று சரியாக வராது: குழிக்கு அருகில் பந்தை உருட்டிவிடும் பட்டிங். பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தார். தூரமாக அடிப்பதில் அவர் பின்தங்கியவர்தான். பட்டிங்தான் அவரை மேலே நிறுத்தியது. டைகர் உட்ஸும் ரோரி மெக்கில்ராயும் சேர்ந்து அமெரிக்காவில் 2025-இல் தொடங்கிய டிஜிஎல் போட்டியையே பாருங்கள். 64 அடி அகலத் திரையை நோக்கி நீண்ட அடிகள். குழிக்கு அருகில் வந்ததும் திரையை விட்டுவிட்டு, அரங்கத் தரையில் இருக்கும் உண்மைக் குழியை நோக்கித்தான் ஆடுகிறார்கள். அத்தனை கோடி செலவழித்தவர்களுக்கே அதுதான் வழி.

கடைசியில் நண்பர் என்ன செய்தார்? அறையின் நீளம் 16 அடி, உயரம் 10 அடி. ரேடாருக்கு நீளம் பற்றாது. சுழற்சியை நேரடியாக அளக்கும் நடுத்தர விலைக் கேமரா வாங்கினார், கெட்டியான அடித்தளத்தோடு நல்ல விரிப்பு, சாதாரண புரொஜக்டர். மிச்சப் பணத்தை மாதம் ஒருமுறை மகளோடு கணவாய் தாண்டிப் போய் உண்மைப் புல்லில் ஆடுவதற்கு ஒதுக்கிவிட்டார். அங்கே பந்து போகும் தூரத்தைச் சிமுலேட்டர் சொன்னதோடு ஒப்பிட்டு அவள் நோட்டில் எழுதுகிறாள். நம் ஆய்வகத்தில் 'காலிபரேஷன்' என்று நாம் அலுத்துக்கொண்டு செய்தோமே, அதேதான்!

தம்பி தங்கைகளே, நீங்கள் கோல்ஃப் ஆடாமலே போகலாம். ஆனால் வேலைக்குப் போனதும் எண் காட்டும் கருவிகள் உங்களைச் சுற்றி நிறைய இருக்கும். கைக்கடிகாரம் இதயத் துடிப்பை அளக்கிறது. எரிந்த கலோரியை ஊகிக்கிறது. திரையில் இரண்டும் ஒரே எழுத்தில்தான் தெரியும். எது அளவு, எது ஊகம் என்று கேட்கிற பழக்கம் இந்தக் கல்லூரி எனக்குத் தந்தது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். அளக்கிற கருவியையும் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. வீட்டில் சிமுலேட்டர் வைக்க எண்ணமுள்ள அண்ணன்மார்கள் அறையின் நீள, அகல, உயரத்தோடு பந்தியில் என் பக்கத்தில் உட்காரலாம்.