கூரைமேல் இருக்கும் கல்நார்
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. நானோ தாயகத்தில் ரயில்வே குமாஸ்தா. மெட்ரிகுலேஷனோடு கல்வியை நிறுத்திக்கொண்டவன். ரயிலே இல்லாத தீவில் ரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் தமக்கையார் இந்த ஷாதிபூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். அவரைக் காணக் கப்பலேறி வந்தவனை அத்தான் இம்மேடையில் ஏற்றிவிட்டார். திருமணத்தைப் பெயரிலேயே தாங்கிய ஊரில் நோயைப் பற்றிப் பேசுவதைப் பொறுத்தருள வேண்டும்.

வந்த மறுநாட் காலை, அத்தான் ஏணியைச் சார்த்திக் கம்பித் தூரிகையோடு கூரைமேல் ஏறக் கண்டேன். மழைக்கு முன் பாசியைச் சுரண்ட வேண்டுமாம். கூரையோ கல்நார்த் தகடு. நீங்கள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்பீர்கள். கீழே தமக்கையார் துடைப்பத்தோடு நின்றார். மருமகன் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். "இறங்குங்கள், அத்தான்!" என்று நான் கூவியதை அண்டை வீட்டார் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நான் கூவியதற்குக் காரணம் உண்டு. என் சிறு வயதில் எங்கள் தெருவில் பெரியவர் ஒருவர் இருந்தார். தொழிற்சாலை ஒன்றில் கொதிகலன்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் வெப்பம் வெளியேறாதபடி கல்நார் உறை கட்டியவர். மாலையில் மாவு மில்லிலிருந்து வருபவர்போல் வெண்மை பூத்து வருவார். மனைவியார் அவ்வுடையை உதறித் துவைப்பார். ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில் பெரியவருக்கு மூச்சு முட்டத் தொடங்கிற்று. காசநோய் என்று மருந்து கொடுத்தார்கள், தீரவில்லை. வீட்டு வாசலின் மூன்று படிகளை ஏற மூன்று முறை நிற்பார். "தம்பி, காற்று உள்ளே போகிறது, எனக்குத்தான் எட்டவில்லை" என்பார். ஒரு மார்கழியில் மறைந்தார். அவர் எந்தத் தூசியில் எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. கோப்புகளோடு வாழும் எனக்கு அந்த எழுதாமைதான் இன்றும் உறுத்துகிறது.

கல்நார் என்பது பாறையில் விளையும் நார். தீயில் வேகாது, உப்புக்காற்றில் துருவாது, விலையும் மலிவு. அதனாலன்றோ ரயில் என்ஜினிலும் கப்பலின் இயந்திர அறையிலும் ஏழையின் கூரையிலும் அது இடம்பெற்றது! ஆனால் அது பொடியும்போது கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகப் பிரிகிறது. மூச்சோடு நுரையீரலுக்குள் சென்றால் உடல் அவற்றைக் கரைக்க இயலாது. நுரையீரல் தழும்பேறி இறுகுவது ஆஸ்பெஸ்டோஸிஸ். புற்றுநோயும் வரும், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் தோன்றும் புற்று மிகக் கொடியது. பெரும்பாலும் 20 ஆண்டு, 40 ஆண்டு கழித்தே இவை வெளிப்படும். புகைபிடிப்பவர்க்கு நுரையீரல் புற்றின் அபாயம் பன்மடங்கு.

இது நேற்று அறிந்த செய்தியன்று. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்னும் பெண்மணி 1924இல் தம் 33ஆம் வயதில் மாண்டார். குக் என்னும் மருத்துவர் அவருடைய நுரையீரலை ஆராய்ந்து அவ்வாண்டே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1931இல் அந்நாட்டில் தூசியை அடக்கச் சட்டம் வந்தது.

நம் நாட்டில், அகமதாபாத்து நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் உடல்நலம் அவனுடைய உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்றது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாள்முதல் 40 ஆண்டோ, வேலையை விட்டபின் 15 ஆண்டோ, எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றது. நோய் உறுதியானவர்க்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. தொகை சிறிது, ஆனால் அந்தப் பதிவேடு பெரிது. எங்கள் தெருப் பெரியவர்க்கு அப்படி ஓர் ஏடு இருந்திருக்குமானால்!

60க்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரை விலக்கிவிட்டன. நாம் இன்னும் ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து வெண்கல்நாரை வாங்கித் தகடு செய்கிறோம்.

உங்களை அச்சுறுத்துவது என் நோக்கமன்று. உடையாமல் அமைதியாகக் கிடக்கும் தகட்டில் நார் சிமென்டோடு பிணைந்திருக்கிறது. அதன் கீழ் உறங்கலாம். அறுப்பதும், துளைப்பதும், உடைப்பதும், உலரச் சுரண்டுவதும், உதிர்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்குவதுமே தீங்கு. உடைந்த துண்டைத் தோட்டத்துப் பாத்திக்கும் கோழிக்கூட்டுக்கும் வைக்கிறோமே, அதுவும் வேண்டா. கழற்ற வேண்டுமெனில் தகட்டை நன்றாக நனைத்து, ஆணியை மெல்ல எடுத்து, முழுத் தகடாக இறக்கித் தடித்த பாலிதீனில் சுற்றுங்கள். கைக்குட்டை இந்த ஊசிகளைத் தடுக்காது. நுண்தூசிக்குரிய முகமூடி வேண்டும். குழந்தைகள் அருகில் வரலாகாது. வேலை செய்த உடையை உதறாமல் தனியே நனைத்துத் துவைக்க வேண்டும். கணவன் உடையை உதறிய பெண்களுக்கும் இந்நோய் வந்ததுண்டு.

அத்தான் தூரிகையை எறிந்துவிட்டார். அடுத்த விடுமுறையில் கூரையை நனைத்துக் கழற்றுவது என்று முடிவாகியிருக்கிறது. கழற்றிய தகடுகளை இத்தீவில் எங்கே ஒப்படைப்பது என்ற கேள்விதான் எஞ்சியுள்ளது. அதனை நகராட்சிக்கு எழுத்து மூலம் கேட்கச் செயலாளர் இசைந்துள்ளார். மனுவை எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். கூரையில் இத்தகடு உள்ளவர்கள் விழா முடிந்ததும் வந்து கையொப்பம் இடுமாறு வேண்டுகிறேன்.