கேலாங் கூரையில் ஒரு கழுகு



ஒரு தவற்றை ஒப்புக்கொண்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறேன். தவறு என்னுடையதுதான்.

ஒரு நிகழ்ச்சியில் கழுகு நெபுலாவின் வண்ணப் படத்தைத் திரையில் காட்டினேன். “இது வெளிநாட்டில் எடுத்ததல்ல. நம் கேலாங்கில், பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் எடுத்தது. இந்த ஜூலை மாதத்தில் நள்ளிரவில் அண்ணாந்து பாருங்கள், ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கும்” என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். “ஏம்மா, பேரனைத் தூங்க விடாம கீழே கூட்டிக்கிட்டுப் போயி ஒரு மணி வரைக்கும் நின்னோம். ரெண்டு நட்சத்திரம்தான் தெரிஞ்சுது. நீ காட்டினது கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படமா?” என்று கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. அன்று அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைய பேச்சு அவருக்கான பதில்.

அவர் ஏன் எதையும் பார்க்கவில்லை? கேலாங் இரவை நீங்கள் அறிவீர்கள். டுரியான் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், லோரோங்குக்கு லோரோங் விளக்குகள். 2016இல் உலக நாடுகளின் இரவு வானத்தை அளந்து வெளியிட்ட ஓர் அறிவியல் ஆய்வு, ஒளி மாசு மிகுந்த நாடு சிங்கப்பூர்தான் என்றது. இங்கு வாழும் எல்லாருடைய தலைக்கு மேலும் வானம் அவ்வளவு வெளிச்சமாக இருப்பதால், நம் கண் முழு இருட்டுக்குப் பழகுவதே இல்லை என்றும் சொன்னது.

அப்படியானால் படம் எப்படி வந்தது? நெபுலா என்பது விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயுவும் தூசியும். அருகிலுள்ள இளம் நட்சத்திரங்களின் புறஊதா ஒளியால் அந்த வாயு ஒளிர்கிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய சில நிறங்களில் மட்டும் ஒளிரும். ஹைட்ரஜனின் சிவப்பு 656.3 நானோமீட்டரில் வருகிறது. ஆக்சிஜனின் நீலம் கலந்த பச்சை 500.7இல். கந்தகத்தின் அடர் சிவப்பு ஏறக்குறைய 672இல். வானொலியை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ நிலையங்கள் ஒலிபரப்பினாலும் 96.8இல் வைத்தால் நமக்குத் தமிழ் மட்டும் கேட்கிறது. கேமராவின் முன் வைக்கும் வடிகட்டிக் கண்ணாடியும் அப்படித்தான். அந்த ஒரு நிறத்தைச் சுற்றி 3 அல்லது 7 நானோமீட்டர் அகலத்தை மட்டும் உள்ளே விடும். தெருவிளக்கின் ஒளியில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும்.

இது நேற்று வந்த யோசனையும் அல்ல. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது யாருக்கும் தெரியாத பச்சைக் கோடு ஒன்றைக் கண்டார். அது புதிய தனிமம் என்று நினைத்து ‘நெபுலியம்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 1927இல்தான் அது ஆக்சிஜன் என்று ஐரா போவன் காட்டினார். நம் தமிழகத்திலும் இந்த வழக்கம் உண்டு. 1899இல் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1912 முதலே இதே ஹைட்ரஜன் சிவப்பு ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துச் சூரியனைப் படம் பிடித்திருக்கிறார்கள்.

கேலாங் மேல்தளத்துக்கு வருவோம். படம் எடுத்தவர் என் நண்பர். பகலில் அலுவலக வேலை, இரவில் இந்த வேலை. பூமி சுற்றுவதால் தொலைநோக்கியும் வானத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும். அதற்குத் தாங்கியின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சரிசெய்வார்கள். நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டிலிருந்து 1.3 பாகை வடக்கில். துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டி, அடுக்குமாடிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதனால் வேறு நட்சத்திரங்களைப் படமெடுத்து, கணினியின் கணக்கைக் கொண்டு அச்சைத் திருத்துகிறார். அதன் பிறகு லென்ஸில் ஈரம் படியும், அதற்கு ஒரு சூடேற்றும் பட்டை. பிறகு மேகம். மேகத்துக்கு மருந்து கிடையாது, காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம். ஒரு வடிகட்டிக்கு 36 படம், அதாவது மூன்று மணி நேரம். மூன்று வடிகட்டிக்கு ஒன்பது மணி நேரம். இதைச் சேர்க்க அவருக்கு நான்கு இரவுகள் ஆயின. தனிப் படத்தைப் பார்த்தால் புள்ளி புள்ளியாக, மங்கலாக இருக்கும். 36 படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால் அந்த இரைச்சல் ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. 36இன் வர்க்கமூலம் ஆறு, அவ்வளவுதான் கணக்கு. இதோடு, மூடியைப் போட்டு எடுத்த இருட்டுப் படங்களைக் கழித்துக் கேமராவின் சொந்தக் கோளாறுகளை நீக்குகிறார். சீரான வெளிச்சத்தை எடுத்த படங்களால் வகுத்து, தூசியின் நிழலையும் ஓரங்களின் இருட்டையும் சரிசெய்கிறார். பிறகுதான் மங்கலான பகுதிகளைப் படிப்படியாக வெளிச்சப்படுத்துகிறார். இலவசமாகக் கிடைக்கும் ‘சிரில்’ என்ற மென்பொருளே இதற்குப் போதும்.

இனி நிறத்துக்கு வருவோம். பெரியவரின் கேள்வி இங்கேதான் நிற்கிறது. கிடைத்தவை மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள். ஹைட்ரஜனும் கந்தகமும் நம் கண்ணுக்கு இரண்டும் சிவப்பே. இருப்பதை இருக்கிறபடி காட்டினால் எது எங்கே என்று பிரித்தறிய முடியாது. அதனால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். 1995இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தால் உலகமெங்கும் அறிமுகமான முறை இது. அந்தத் தூண்கள் இருப்பதும் இதே கழுகு நெபுலாவில்தான், ஏறக்குறைய 6,500 ஒளியாண்டு தொலைவில்.

ஆகவே, ஐயா, உருவம் உண்மை. எந்த இடத்தில் எந்த வாயு இருக்கிறது என்பதும் உண்மை. நிறம் மட்டும் நாம் கொடுத்தது, வரைபடத்தில் கடலுக்கு நீலம் பூசுவதைப் போல. ஆனால் பூசியதைச் சொல்லியிருக்க வேண்டும். ‘மூன்று வடிகட்டி, ஒன்பது மணி நேரம், நிறங்கள் நாங்கள் பங்கிட்டவை, வெறும் கண்ணுக்குத் தெரியாது’ என்று திரையின் அடியில் ஒரே வரி போட்டிருந்தால், உங்கள் பேரன் ஏமாந்திருக்க மாட்டான். படத்தில் பொய் இல்லை. நான் சொன்ன சொல்லில்தான் இருந்தது. தொலைக்காட்சியில் நாளெல்லாம் நிறத்தைக் கூட்டிக் குறைக்கிற எங்களுக்கு, அதைச் சொல்லிக் காட்டும் பழக்கம் குறைவு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வடிகட்டி இருக்கிறதே, வானம் எப்படிப் போனால் என்ன என்று இருந்துவிட முடியாது. பழைய சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் மஞ்சளை ஒட்டியே இருந்தது. இன்றைய வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவி, ஆக்சிஜனின் இடத்துக்கும் வந்துவிடுகிறது. வடிகட்டி கேமராவுக்குத்தான் உதவும். ஒரு பிள்ளையின் கண்ணில் அதை மாட்ட முடியாது. தேவையில்லாத விளம்பர விளக்கை நள்ளிரவில் அணைப்பதும், வெளிச்சத்தை மேலே சிதற விடாமல் தரைக்குத் திருப்புவதும் நம் கையில் இருக்கின்றன.

அந்தப் பேரனுக்கு ஒரு சேதி. ஜனவரி, பிப்ரவரி மாத இரவில், திருவாதிரை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைத் தேடு. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சாதாரண பைனாகுலரைத் திருப்பிப் பார். மேகம் இல்லாவிட்டால் சாம்பல் நிறத்தில் சிறு புகைபோல ஒன்று தெரியும். அது ஓரியன் நெபுலா. வண்ணமெல்லாம் இருக்காது. ஆனால் அதை நீயே உன் கண்ணால் பார்த்திருப்பாய்.

தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போ.