நடவுப் பாட்டின் யாப்பு

யாப்பு என்றவுடன் நேரசை, நிரையசை என்று விரல் மடக்கி எண்ணுகிற வித்துவான்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். காவிரிப் படுகையிலே சேற்றில் நின்று நாற்று நடுகிற பெண்கள் வருவதில்லை. ஆயினும், ஏட்டைத் தொடாத அவர்களுடைய நடவுப் பாட்டுக்கும் திட்டமான யாப்பு ஒன்று உண்டு.

அதற்கு அளவுகோல் தாளம். குனிந்து, கையிலுள்ள முடியிலிருந்து நாற்றைப் பிரித்து ஊன்றும் வேலையின் ஓட்டத்தோடு தாளமும் ஓடுவதால், ஓரடியில் அசை குறைந்தால் உயிரெழுத்தை நீட்டியும், மிகுந்தால் சொற்களை நெருக்கியும் பாடுகிறவள் சரிக்கட்டிக்கொள்கிறாள். காகிதத்தில் நொண்டுகிற அடி வயலிலே நொண்டாது.

இதைவிட ரசமான விஷயம் எதுகை. நாற்று, கூத்து, பார்த்து என்னும் மூன்று சொற்களை ஏட்டு வழக்கில் எழுதினால், இரண்டாம் எழுத்து ஒன்றோடொன்று ஒவ்வாமல் மூன்றும் மூன்று திசையில் நிற்கும். அவற்றையே நடவுப்பெண் ‘நாத்து’, ‘கூத்து’, ‘பாத்து’ என்று உச்சரிக்கும்போது, முதலெழுத்து நெடிலாய் ஒத்து, இரண்டாம் எழுத்துத் தகரமாய் ஒன்றி, எந்தப் புலவரும் ஆட்சேபிக்க இயலாத எதுகை அமைந்துவிடுகிறது. கொச்சை என்று கருதி இவற்றைத் திருத்தி அச்சிடும் பரோபகாரிகள், பிழையை நீக்குவதாக எண்ணிப் பாட்டின் தொடையையே முறித்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இனி, திரும்பத் திரும்ப வருதல். ஒருத்தி முன்னே பாட, மற்றவர்கள் அதையே வாங்கிப் பாடுவது வெறும் அலங்காரமன்று. அவர்கள் பாடி முடிப்பதற்குள் அடுத்த அடியைக் கட்டிக்கொள்ள அவளுக்கு அவகாசம் கிடைக்கிறது. ஒரு கண்ணியில் பொன் என்று வந்தது அடுத்த கண்ணியில் முத்து என்று மாற, ஏனைய சொற்கள் அப்படியே நிற்பதும் உண்டு. ஒப்பாரியிலும் இந்தச் சம்பிரதாயம் பிரசித்தம். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில், உலக்கைப் பாட்டாகிய வள்ளைப் பாட்டை அமைக்கும் இளங்கோவடிகள், சோழன், பாண்டியன், சேரன் என்று அரசரை மாற்றி மாற்றி, பாட்டின் முடிவை மட்டும் ஒரே வாய்பாட்டில் நிறுத்துகிறார். உரலடியில் கேட்ட முறையை அடிகள் தாழ்வாக எண்ணவில்லை.

பெர்ஸி மாக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய நாடோடிப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, ‘மலையருவி’ என்ற பெயரில் 1958-இல் அவை வெளிவந்தன. எழுதப்படாமல் இருப்பவை இன்னும் ஏராளம். உங்கள் ஊர்ப் பாட்டை எழுதி வைக்க முன்வரும் அன்பர்கள், செவியில் விழுந்தபடியே எழுதுங்கள். இரண்டாம் முறை வந்த அடியை, முன்பே வந்துவிட்டது என்று அடித்துவிடாதீர்கள்.