பதினொரு வயதில் ஒரு சல்லடை



கோடைக்கானல் ஏரிக்கு அண்மையில் உள்ள பன்னாட்டுப் பள்ளியை நீங்கள் கண்டிருக்கலாம். 1901ஆம் ஆண்டில், அமெரிக்கப் பாதிரிமாரின் குழந்தைகள் 13 பேருடன், ஹைகிளர்க் என்ற பெயரில் அது தோன்றிற்று. மலைப்பாதையில் டோலியிலும் மட்டக்குதிரையிலும் ஏறி வந்த காலம் அது. குழந்தைகளைப் படிப்பின் பொருட்டுக் கடல் கடத்தி அனுப்ப மனமில்லாத பெற்றோருக்கு அப்பள்ளி ஓர் ஆறுதல்.

இங்கிலாந்திலோ 1944இல் பட்லர் சட்டம் பிறந்தது. அரசு நிதியில் நடந்த பள்ளிகளில் உயர்நிலைக் கல்வி அனைவருக்கும் இலவசமாயிற்று, நல்ல செய்தி. ஆனால் பதினோராம் வயதில் ஒரு தேர்வு! தேறியவர் பெரும்பாலும் இலக்கணப் பள்ளிக்கும், மிகச் சிலர் தொழில்நுட்பப் பள்ளிக்கும், எஞ்சிய பெரும்பான்மையோர் நவீனப் பள்ளிக்கும் சென்றனர். பெயர்தான் நவீனம், பல்கலைக்கழகத்தின் வாயில் அவர்களுக்கு ஏறக்குறைய அடைபட்டே இருந்தது. இலக்கணப் பள்ளியின் இடங்களும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபட்டன. சில ஊர்களில் சிறுமியர் சிறுவரினும் மிகுந்த மதிப்பெண் பெறவேண்டியிருந்தது. பால்பற்கள் முழுதும் விழுந்திராத பருவத்தில் ஒரு குழந்தையின் அறிவை எடைபோட்டு முடித்துவிடலாம் என்பதை, வகுப்பறையில் நின்ற எவனும் ஒப்பமாட்டான். 1965இல் அந்நாட்டு அரசே பொதுப்பள்ளி முறைக்கு மாறும்படி உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது.

நம் நாட்டில் அத்தகைய தேர்வு இருந்ததில்லை. இங்கே சல்லடையைப் பிடித்தது பசி. 1956இல் காமராசர் விரிவாகத் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் அதன் கண்களைச் சற்றே அகலமாக்கிற்று. கோடைக்கானல் பள்ளியும் 1970களில் பன்னாட்டுப் பள்ளியாயிற்று. எனினும் பூம்பாறையில் பூண்டு பயிரிடுபவரின் மகளுக்கு அங்கே குறுக்கே நிற்பது கட்டணம்.