படுக்கையில் இருப்பவரைப் பேணும் குடும்பம் அறிய வேண்டியவை

(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நோயுற்றவரைக் கைவிடும் வழக்கம் நம் தோட்ட மக்களிடம் இல்லை. கணவர் பக்கவாதத்தால் சாய்ந்தால் மனைவி அருகிருந்து பார்க்கிறார். மாமியார் படுத்துவிட்டால் மருமகள் பார்க்கிறார். இது நம் பெருமைக்குரிய பண்பு. ஆயினும், பால்வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே அமர்பவருக்கு அன்றே கூலி நின்றுவிடுகிறது. இந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்யச் சில உதவித் தொகைகள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று எவ்வாறு சேர்கின்றன என்பதை அறியாததால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன குடும்பங்கள் பல. ஆகவே இன்று அதனைப் பற்றியே பேசவிருக்கிறோம்.

விளக்கத்திற்காக ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். கணவருக்கு வயது 48. மனைவிக்கு 44. இருவரும் ஒரே தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள். ஒரு நாள் கணவர் வீட்டிலேயே பக்கவாதத்தால் விழுந்துவிடுகிறார். உண்ணவும் எழவும் குளிக்கவும் பிறர் துணை வேண்டும் என்னும் நிலை. இக்குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஓய்வூதியம், பிறகே கவனிப்புப் படி

1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1971இல் தொடங்கப்பெற்றது சொக்சோ. பெர்கேசோ என்பதும் அதுவே. அதில் இரு திட்டங்கள் உள்ளன. வேலையிடத்திலோ, வேலைக்குப் போகும் வழியிலோ வரும் வழியிலோ நேரும் விபத்துக்கு ஒன்று. எக்காரணத்தாலும் உழைக்க இயலாமற் போவதற்கு மற்றொன்று. நம் உதாரணக் கணவர் வீட்டில் நோயுற்றவர் ஆதலால், அவருக்கு உரியது இரண்டாவது. மலாய்ப் பாரத்தில் ‘பென்சென் ஈலாட்’ என்று காண்பீர்களே, அந்த இயலாமை ஓய்வூதியம் அதுதான். அதைப் பெறுவதற்கு 60 வயது நிறையும் முன்பே இயலாமை ஏற்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பத்திற்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதமாவது சந்தா கட்டியிருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லாதவர்களுக்கு, அவர்கள் சந்தாவில் சேர்ந்த நாள் முதல் கணக்கிடும் வேறு விதிகளும் உண்டு. எனவே 24 மாதம் தேறவில்லையே என்று தாமாகவே முடிவு கட்டிவிடலாகாது.

இனி, பராமரிப்புக்கு உரிய தொகைக்கு வருவோம். ‘எலாவுன் லயானான் செந்தியாசா’ என்னும் இடைவிடாக் கவனிப்புப் படி மாதம் 500 வெள்ளி. இதில் மூன்று செய்திகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இப்படி ஓய்வூதியத்திற்குப் பதிலாகக் கிடைப்பதன்று. அதற்கு மேல் கிடைப்பது. ஓய்வூதியம் 700 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், படியும் சேர்ந்து 1,200 வெள்ளியாகும்.

இரண்டாவது, இயலாமை ஓய்வூதியமோ, வேலை விபத்தினால் வந்த முழு நிரந்தர ஊனத்திற்கான தொகையோ பெறுகிறவருக்கு மட்டுமே இது உண்டு. அடிப்படைத் தொகை இல்லையேல் படியும் இல்லை. மருத்துவக் குழு, இவருக்குப் பிறர் ஒருவரின் துணை இடைவிடாது தேவை என்று சான்றளிக்கவும் வேண்டும். ஓய்வூதியம் கிடைத்ததே போதும் என்று வீடு திரும்பிவிடாமல், படியைப் பற்றியும் அலுவலரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, இது நோயாளியின் பெயரில் வரும் தொகை. நோயாளி மறைந்தால் படியும் நின்றுவிடும். அதன்பின் மனைவி மக்களுக்கு உரியது ‘பென்சென் பெனாகாட்’ என்னும் வாரிசு ஓய்வூதியம். அதற்குத் தனியே விண்ணப்பம் செய்ய வேண்டும். மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கும், பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கும் என்பது பொதுக் கணக்கு.

சமூகநல இலாகாவின் உதவி

அடுத்தது சமூகநல இலாகா. படுக்கையிலேயே இருக்கும் ஊனமுற்றோரையும் நாட்பட்ட நோயாளியையும் வீட்டில் உடனிருந்து பார்ப்பவருக்கு அது உதவி வழங்குகிறது. 350 வெள்ளியாக இருந்த இத்தொகை 2021இல் 500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது.

இரண்டும் 500 வெள்ளிதானே, இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிவிடலாகாது. சொக்சோ தருவது, சந்தா கட்டியதால் வந்த உரிமை. அங்கே உங்கள் வீட்டு வருமானத்தைக் கேட்பதில்லை. சமூகநல இலாகா தருவதோ தேவையைப் பார்த்து வழங்கும் உதவி. அங்கே குடும்ப வருமானம் விசாரிக்கப்படும். வீட்டுக்கு மாதந்தோறும் வரும் சொக்சோ பணமும் விசாரணையில் இடம்பெறும் வருமானமே. ஆதலால் அதை மறைத்து எழுதாதீர்கள். பின்னர் தெரியவந்தால் உதவி நின்றுபோவதோடு சங்கடமும் வந்து சேரும். அதேபோல், சொக்சோ பெறுகிறோமே, நமக்குக் கிடைக்காது என்று பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடவும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். முடிவை அதிகாரி கூறட்டும். நோயாளிக்கு ஊனமுற்றோர் அட்டையையும் இவ்விலாகாவிலேயே பதிந்து பெற்றுக்கொள்ளுங்கள்.

ஊழியர் சேமநிதி இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அது நம் சொந்தச் சேமிப்பு. உழைக்க இயலாதவர் என்று மருத்துவர் சான்றளித்தால் முழுத் தொகையையும் எடுக்கலாம். சொக்சோ ஓய்வூதியம் அதற்குத் தடையாகாது. ஆனால் எடுத்த பணம் ஒரு முறை எடுத்ததுதான். ஓய்வூதியம்போல் மாதந்தோறும் வராது. மாதத் தொகைகள் எவ்வளவு என்று தெரிந்த பிறகு அதில் கை வைப்பதே அறிவுடைமை.

பராமரிப்பவரைப் பராமரிப்பது யார்?

இப்பொழுது மிக முக்கியமான செய்திக்கு வருகிறோம். தாய்மார்கள் இதைச் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும்.

கணவருக்குப் படி வந்துவிட்டது, இனி வேலையை விட்டுவிடலாம் என்று மனைவி பெரட்டில் பெயரை எடுத்துவிடுகிறார். அவர் இழப்பது என்ன என்று கணக்கிடுவோம். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதற்கு முதலாளி சேமநிதியில் செலுத்துவது 13 விழுக்காடு, ஏறத்தாழ 221 வெள்ளி. ஆக, 500 வெள்ளிக்காக விடுவது 1,900 வெள்ளிக்கு மேல். அதோடு அவருடைய சொக்சோ சந்தாவும் நின்றுவிடுகிறது. வேலை விபத்துக்கான பாதுகாப்பு வேலையோடு போய்விடும். இயலாமைப் பாதுகாப்போ, மாதங்கள் செல்லச் செல்லத் தேய்ந்துகொண்டே வரும். சில ஆண்டுகளுக்குப் பின் அவரே நோயில் விழுந்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? கணவரின் படியும் ஓய்வூதியமும் கணவருக்கு உரியவை. மனைவியின் உடல்நலத்திற்கு அவை காப்பாகா.

வேலையை விடவே கூடாது என்று நாம் கூறவில்லை. சில வீடுகளில் வேறு வழியே இராது. ஆனால் கணக்குப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். கவனிப்புப் படிக்குச் சட்டம் கேட்பது ‘பிறர் ஒருவரின்’ துணையையே. மனைவியே இருந்தாக வேண்டும் என்பதில்லை. வேலைக்குப் போகாத அக்காள் தங்கையோ, உறவுக்காரப் பெரியவரோ வெட்டு முடியும்வரை பார்த்துக்கொள்ள இயலுமானால், அப்படித் தொகையில் அவருக்கு ஒரு பகுதியைக் கொடுப்பதும் ஒரு வழி. வெட்டு முடிந்து பாலைக் கொடுத்துவிட்டு மனைவி வீடு திரும்பலாம்.

வேலையை விட்டே தீர வேண்டுமென்றால், இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேருங்கள். இது 2022 டிசம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 55 வயதுக்குட்பட்ட இல்லத்தரசிகள் ஆண்டுக்கு 120 வெள்ளி, அதாவது மாதத்திற்குப் பத்து வெள்ளி கட்டினால், வீட்டு வேலையில் நேரும் விபத்துக்கும் இயலாமைக்கும் பாதுகாப்பு உண்டு. நோயாளியைத் தூக்கிக் குளிப்பாட்டுகையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தால் என்ன செய்வது என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பத்து வெள்ளியின் அருமை விளங்கும். சேமநிதியிலும் இயன்றதைச் சுயமாகச் செலுத்தி வரலாம்.

இறுதியாக, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துவோம். முதலில் சொக்சோ ஓய்வூதியம், அடுத்துக் கவனிப்புப் படி, பின்னர்ச் சமூகநல இலாகா, அதன்பின் சேமநிதி, எல்லாவற்றுக்கும் பிறகே, வேலையை விடுவதா என்னும் முடிவு. அடையாளக் கார்டு, மருத்துவச் சான்று, சம்பளச் சீட்டு, திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். பாரம் எழுதத் தெரியவில்லை என்றால் தோட்டக் கிராணியாரையோ தொழிற்சங்கத்தாரையோ பள்ளி ஆசிரியரையோ அணுகுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். இவற்றுள் பெரும்பகுதி உங்கள் வேர்வையில் பிடித்துக் கட்டிய பணமே.

நோயாளியைப் பேணுவது அறம். பேணுகிற கைகள் ஓய்ந்துவிடாமல் காப்பதும் அறமே. அதை மறவாதிருப்போமாக.