மலைப்பாதை லொறிக்கு எந்தக் கியர் பெட்டி?



கண்டியிலிருந்து வந்த ரயில் பாதை 1880 இல் மாத்தளையை எட்டியது. அதற்கு அப்பால் அது போகவேயில்லை. நாலந்தா, நாவுல, தம்புள்ளை என்று வடக்கே போகும் சரக்கெல்லாம் இன்றும் ஏ-9 வீதியில் லொறியில்தான் போகிறது. 1999 இல் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் திறந்த பிறகு அந்த ஓட்டம் இன்னும் கூடிவிட்டது. மலைநாட்டு மரக்கறி அக்குறணையைத் தாண்டி, பலகடுவ முடக்குகளில் இறங்கி மாத்தளைக்கு வருகிறது. திரும்பும் லொறி வெங்காயமும் பூசணியும் ஏற்றிக்கொண்டு அதே முடக்குகளில் ஏறுகிறது.

2020 இல் வாகன இறக்குமதி நின்றபோது, பழைய லொறிகளைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கட்டுப்பாடு தளர்ந்தது 2025 தொடக்கத்தில்தான். பழைய கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாமா, பின்னால் ஒரு துணைப் பெட்டி சேர்க்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு.

லொறி வாங்கும்போது நாம் முதலில் கேட்பது குதிரைவலுவைத்தான். மலையில் அதைவிட முக்கியம், அந்த வலு எந்தச் சுற்றில் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது என்பது. ஓர் உதாரணம் பாருங்கள். ஐந்து கியர் உள்ள பெட்டி. முதல் கியருக்கும் கடைசிக் கியருக்கும் ஏழு மடங்கு வித்தியாசம். அப்படியானால் அடுத்தடுத்த கியர்களுக்கு இடையே ஏறக்குறைய 1.6 மடங்கு வரும். நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடும் எஞ்சின், ஒரு கியர் மேலே போட்டதும் 1,500 அளவுக்கு விழும். சமதரையில் அது பரவாயில்லை. ஏற்றத்தில் கிளட்சை மிதித்த அந்தக் கணத்திலேயே லொறியின் வேகமும் குறைந்துவிடும். எஞ்சின் இன்னும் கீழே போய்த் திணறும். சாரதி பழைய கியருக்கே திரும்பி, முழுச் சத்தத்தோடு, டீசலைக் குடித்தபடி ஏற வேண்டியதுதான். ஒவ்வொரு கியரையும் இரண்டாகப் பிரிக்கும் துணைப் பெட்டி இருந்தால், அதே எஞ்சின் 1,900 சுற்றுக்குத்தான் இறங்கும். இழுவை விட்டுப்போகாது.

அமெரிக்காவில் எஞ்சின்கள் வலுக்குறைந்திருந்த காலத்தில் இதைத்தான் செய்தார்கள். ஐந்து கியர் பெட்டிக்குப் பின்னால் நான்கு கியர் துணைப் பெட்டி, சாரதிக்கு இரண்டு கியர் தடிகள், மொத்தம் இருபது கியர். பிறகு ஈட்டன் ஃபுல்லர் போன்ற நிறுவனங்கள் இரண்டையும் ஒரே கூட்டுக்குள் வைத்து, காற்றழுத்தத்தில் மாறும்படி செய்து, ஒரே தடியில் கொண்டுவந்தன. டாட்டா, அசோக் லேலண்ட் கனரக லொறிகளில் வரும் இசட்.எஃப். நிறுவனத்தின் ஒன்பது கியர் பெட்டியும் இந்த வகைதான்: ஊர்ந்து நகர ஒரு கியர், கீழ்வரிசையில் நான்கு, மேல்வரிசையில் நான்கு. புதிதாகத் தேடுகிறவர்களுக்கு என் சிபாரிசு இத்தகைய ஒரே பெட்டிதான். தனித் துணைப் பெட்டியைப் பழைய லொறியில் பூட்டுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். துணைப் பெட்டியின் கீழ்க் கியர் இழுவையை இரண்டு மடங்காக்கினால், அந்த இரண்டு மடங்கும் ப்ரொப்பெலர் ஷாஃப்ட், யுனிவர்சல் ஜொயின்ட், டிஃபரன்ஷல், எக்சல் எல்லாவற்றின் மீதும் விழும். அவை முதல் பெட்டியின் அளவுக்குத்தான் செய்யப்பட்டவை. பாரம் ஏற்றிய லொறி முடக்கில் ஏறும்போது எக்சல் முறிந்தால், கராஜ் செலவு மட்டும்தானா பிரச்சினை? பின்னால் பஸ் வரும், பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள்.

இறக்கம் இன்னும் பெரிய விஷயம். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் வழியாக இலுக்கும்புரைக்குப் போகும் பாதை ஆயிரம் மீற்றருக்கு மேலான உயரத்துக்கு ஏறி, மறுபக்கம் இறங்குகிறது. அங்கே பிரேக்கை மட்டும் நம்பினால் ட்ரம் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். லொறியைப் பிடித்து வைத்திருப்பது கீழ்க் கியரில் இருக்கும் எஞ்சின்தான். இரட்டைத் தடி லொறியில் இரண்டு பெட்டிகளில் எது நியூட்ரலில் இருந்தாலும் அந்தப் பிடிப்பு இல்லை. இறக்கத்தின் நடுவே ஒன்றை மாற்றப்போய் அது விழாவிட்டால், கையில் மிஞ்சுவது பிரேக் மட்டும். ஆகவே கியரை உச்சியிலேயே தெரிவுசெய்துவிட வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பெட்டியைத் தெரிவுசெய்ய உங்கள் வழியிலேயே மிகச் செங்குத்தான ஏற்றத்தைக் கணக்கில் எடுங்கள். அனுமதிக்கப்பட்ட முழுப் பாரத்தோடு கணக்கிடுங்கள். தம்புள்ளைக்கும் வடக்கேயும் மட்டும் ஓடுகிறவருக்குச் சாதாரண ஆறு கியர் போதும். துணைப் பெட்டி வீண் எடை. எல்கடுவ, ரத்தோட்டைத் தோட்டப் பாதைகளுக்கு ஏறுகிறவருக்கு ஊரும் கியர் கட்டாயம். பூட்டிய பிறகு, பாரத்தோடு ஓர் ஏற்றத்தின் நடுவே பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள். கிளட்ச் வாசம் வராமல் லொறி நகர்ந்தால் அந்தக் கீழ்க் கியர் உங்கள் பாதைக்குச் சரி. வாசம் வந்தால், காசு கொடுக்க முன் மெக்கானிக்கிடம் டிஃபரன்ஷல் விகிதத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.