எதிர்ச்சொல்லும் நிறைகோலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடையறாது கூடி வருவது எளிய செயலன்று. இங்கே ஒருவர் கவிதை படிக்கிறார். "இந்த அடி நிற்கவில்லை" என்று மற்றொருவர் முகத்துக்கு நேரே சொல்கிறார். சொன்னவரும் கேட்டவரும் அடுத்த மாதமும் வந்து அருகருகே அமர்கிறார்கள். எதிர்ச்சொல்லைத் தாங்கிக்கொள்ளும் இந்தப் பழக்கமே வட்டத்தைக் காத்து வந்திருக்கிறது என்று நான் கருதுகிறேன். அதனால்தான் இந்த அவைக்கு எதிர்ச்சொல்லைப் பற்றிய ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தேன்.

பிற நாடுகளில் ஆங்கிலமும் ஆங்கில இலக்கியமும் கற்பித்த ஆசிரியர்கள், மாணவர்கள் அமெரிக்காவைப் பழித்துப் பேசியபோது என்ன செய்தார்கள் என்பதே என் உரையின் பொருள். தமிழ் கற்பிக்கும் ஒருத்திக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை உண்டு. அதனை இறுதியில் சொல்கிறேன்.

நன்னூலின் பாயிரம் நல்லாசிரியருக்கு நான்கு உவமைகள் கூறுவதை இந்த அவை அறியும். நிலம், மலை, நிறைகோல், மலர் என்பன அவை. அவற்றுள் நிறைகோல் ஐயத்தைத் தீர்ப்பது. இரு பக்கமும் சாயாது நடுவில் நிற்பது. உவமை அழகானதுதான். ஆனால் தட்டில் வைக்கப்படும் பொருள் ஆசிரியரின் சொந்த நாடாகவே இருந்தால் அந்தக் கோல் எவ்வாறு நிற்கும்? நன்னூலார்க்கு இக்கேள்வி எழுந்திருக்க வாய்ப்பில்லை. நம் காலத்து ஆசிரியர்க்கு எழுகிறது.

ஓர் அஞ்சலட்டை

1961 மார்ச்சு 1 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி 'பீஸ் கோர்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அமைதிப் படை என்று அதனைத் தமிழாக்கினால் துப்பாக்கி ஏந்திய படை நம் நினைவுக்கு வந்துவிடும். இது தொண்டர்களின் அமைப்பு. அவர்களுள் பலர் ஆசிரியர்களாகவே வெளிநாடு சென்றனர். அவ்வாண்டு அக்டோபரில் நைஜீரியாவின் இபாதான் நகரத்துப் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒரு குழுவினர் பயிற்சி பெற்று வந்தனர். 23 வயதான மார்ஜரி மிக்கெல்மோர் அவர்களுள் ஒருவர்.

அவர் தம் நண்பருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். இபாதான் வியப்பூட்டும் நகரம் என்று அதில் எழுதியிருந்தார். இங்குள்ள அழுக்குக்கும் நாகரிகம் எட்டாத வாழ்க்கை நிலைக்கும் தம் பயிற்சி தம்மை ஆயத்தப்படுத்தவில்லை என்றும் எழுதியிருந்தார். அந்த அட்டை உரியவரைச் சென்று சேரவில்லை. மாணவர் கையில் கிடைத்தது. படிகள் எடுக்கப்பட்டு வளாகம் முழுவதும் பரவின. மாணவர்கள் கூட்டம் கூட்டிக் கண்டித்தனர். தொண்டர்கள் ஒற்றர்கள் என்றனர். அவர்களை வெளியேற்ற வேண்டும் என்றனர்.

கவிஞர்களாகிய உங்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. அந்த அட்டையில் பாராட்டும் இருந்தது. ஆனால் 'நாகரிகம் எட்டாத' என்ற ஓர் அடைமொழி மற்ற எல்லாச் சொற்களையும் விழுங்கிவிட்டது. ஏனெனில் அது புதிய சொல் அன்று. நைஜீரியா விடுதலை பெற்றது 1960 அக்டோபர் 1 அன்று. அதுவரை ஆண்டவர்கள் தம் ஆட்சிக்கு நியாயம் கற்பிக்க வழங்கி வந்த சொல் அது. ஓராண்டுக்கு முன் கழற்றி எறிந்த விலங்கை ஒரு விருந்தினர் மீண்டும் எடுத்துக் காட்டியதுபோல் மாணவர்க்குத் தோன்றியிருக்கும். மேலும் அதே 1961 மே மாதத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பேருந்தில் ஒன்றாக அமர்ந்து சென்றதற்காகத் தாக்கப்பட்டனர். அந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் நமக்கு எதைக் கற்பிப்பது என்ற கேள்வியில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

மார்ஜரி எழுத்து வடிவில் மன்னிப்புக் கேட்டார், நாடு திரும்பினார். ஏனைய தொண்டர்கள் திரும்பவில்லை. மாணவர்கள் அவர்களிடமிருந்து ஒதுங்கினர். எனினும் அவர்கள் அங்கேயே இருந்தனர். நாளடைவில் பேச்சு தொடங்கியது. பின்னர் அத்தொண்டர்கள் நைஜீரியப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகச் சென்றனர். வசவு விழுந்த இடத்திலேயே எழுந்து போகாமல் இருந்ததுதான் அவர்கள் அளித்த முதல் விடை. நிறைகோலுக்கு முன்னே நிலத்தை வைத்த நன்னூலாரின் வரிசை எனக்கு இங்கே புரிகிறது. முதலில் பொறுமை, அதன் பின்னரே நடுநிலை.

குற்றக் கூண்டில் ஒரு புதினம்

அடுத்த வகுப்பறை டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் உள்ளது. ஆசிரியர் அமெரிக்கர் அல்லர். அசார் நபீசி என்னும் ஈரானியப் பெண்மணி. அமெரிக்காவில் பயின்றவர், பயின்ற காலத்தில் அங்கேயே ஈரானிய மாணவர்களோடு சேர்ந்து அமெரிக்க அரசை எதிர்த்து முழக்கமிட்டவர். 1979ஆம் ஆண்டுப் புரட்சியின்போது தாயகம் திரும்பி ஆங்கில இலக்கியம் கற்பித்தார். அவ்வாண்டு நவம்பர் 4 அன்று அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. 52 பேர் 444 நாள்கள் சிறைப்பட்டிருந்தனர். அந்தச் சூழலில் அவர் பாடமாக வைத்தது பிட்ஜெரால்டு 1925இல் எழுதிய 'தி கிரேட் கேட்ஸ்பி' என்னும் அமெரிக்கப் புதினம்.

மாணவர் ஒருவர் எழுந்தார். இந்நூல் ஒழுக்கக் கேட்டைப் போற்றுகிறது, அமெரிக்கச் சீரழிவை நம் வீட்டுக்குள் கொண்டுவருகிறது என்றார். நபீசி அவரை அடக்கவில்லை. இந்த நூலின்மேல் வழக்குத் தொடுப்போம் என்றார். குற்றம் சாட்டிய மாணவரே அரசு வழக்குரைஞர் ஆனார். ஒரு மாணவி நூலின் சார்பில் வாதிட்டார். மற்றொரு மாணவர் நீதிபதி. கூண்டில் ஏறி நூலாகவே நின்றவர் ஆசிரியர். 2003இல் வெளிவந்த தம் நினைவு நூலில் இதனை அவர் விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். குற்றம் சாட்டியவர்க்கு மேடை கிடைத்தது. கூடவே ஒரு கடமையும் வந்து சேர்ந்தது. வழக்குரைஞர் சான்று காட்ட வேண்டும். சான்று காட்ட நூலைப் படிக்க வேண்டும். படித்தால் என்ன தெரியும்? செல்வம் சேர்த்தால் கடந்த காலத்தையே வாங்கிவிடலாம் என்று நம்பிய ஒருவன் அழிந்த கதை அது. பொருட்களையும் மனிதர்களையும் நொறுக்கிவிட்டுத் தம் பணத்துக்குள் ஒதுங்கிக்கொள்ளும் செல்வர்களின் கதை அது. அமெரிக்காவின்மேல் அந்த மாணவர் கூற விரும்பிய குற்றத்தை அவரினும் கூர்மையாக ஓர் அமெரிக்கரே எழுதி வைத்திருந்தார்.

ஆனால் இதனைக் கொண்டு மாணவரின் சினம் வெறும் அறியாமை என்று நாம் தள்ளிவிடக் கூடாது. 1953 ஆகஸ்டில் ஈரானின் தலைமை அமைச்சர் மொசாதெக்கின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. அதில் அமெரிக்காவுக்குப் பங்கு உண்டு என்பதை 2009இல் கெய்ரோ நகரில் பேசியபோது குடியரசுத் தலைவர் ஒபாமா ஒப்புக்கொண்டார். 2013இல் வெளியான சி.ஐ.ஏ. ஆவணங்களும் அதனை உறுதி செய்தன. மாணவர் வசைமொழியில் சொன்னதை ஆவணம் அறுபது ஆண்டு கழித்து உரைநடையில் சொல்லியது, அவ்வளவே.

நபீசியும் எதிர்ச்சொல்லுக்குத் தப்பவில்லை. முக்காடு அணிய மறுத்ததால் அப்பல்கலைக்கழகத்தை விட்டு நீங்க நேர்ந்தது. பின்னர் அமெரிக்காவில் குடியேறி அந்நூலை எழுதியபோது, அது அமெரிக்க வல்லாண்மைக்கே துணை போகிறது என்று கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹமீத் டபாஷி 2006இல் கடுமையாக எழுதினார். கூண்டில் ஏறிய ஆசிரியர் கூண்டிலிருந்து இறங்குவதே இல்லை போலும்!

ஆசிரியர் மாணவரானபோது

மூன்றாவது இடம் சீனம். யாங்சி ஆறும் வூ ஆறும் கூடும் இடத்தில் உள்ளது பூலிங் நகரம். அங்கிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு 1996இல் பீட்டர் ஹெஸ்லர் என்னும் பீஸ் கோர் தொண்டர் ஆங்கில இலக்கியம் கற்பிக்கச் சென்றார். அமெரிக்கக் குறைகளைப் பேசுவதில் வகுப்பில் தடை இருக்கவில்லை. சீனத்தின் குறைகளை ஓர் அயலார் தொட்டாலோ மாணவர்களின் தலைகள் தாழ்ந்துவிடும். அந்த மௌனமும் ஒரு மறுமொழி என்பதை அவர் மெல்ல உணர்ந்தார்.

அவர் செய்த நல்ல காரியம், தாமும் சீனம் கற்கத் தொடங்கியது. ஒரு வேளை ஆசிரியர், மறு வேளை மாணவர். அவர்க்குச் சீனம் கற்பித்த அம்மையார், பிழை நேருந்தோறும் 'பு துய்', அதாவது 'சரியன்று', என்று தயவின்றிச் சொல்வார். பாடம் அபினிப் போரை அடைந்தபோது ஒலிப்புப் பிழைக்குச் சொல்லப்பட்ட அதே சொல் வரலாற்றுக்கும் வந்தது. இருவரும் முகம் இறுக வாதிட்டிருக்கிறார்கள்; எனினும் பாடம் நிற்கவில்லை. 2001இல் வெளிவந்த 'ரிவர் டவுன்' என்னும் நூலில் இவற்றைக் காணலாம். குறைந்த சொற்களை வைத்துக்கொண்டு பெரிய செய்தியைச் சொல்லத் தவிப்பது எத்தகையது என்பதை அந்தத் தவிப்பில் தாமே நின்றவர்தாம் அறிய முடியும்.

மூன்று தப்பு வழிகள்

இந்த வகுப்பறைகளையெல்லாம் ஒருசேர நோக்கும்போது ஆசிரியர் தப்பிக்கும் வழிகள் மூன்று எனக்குத் தென்படுகின்றன.

முதலாவது, 'இங்கே அரசியல் வேண்டாம்' என்று வாயை மூடுவது. இரண்டாவது, மாணவரை முந்திக்கொண்டு தம் நாட்டைத் தாமே வைது கைதட்டல் பெறுவது. இது பணிவுபோல் தோன்றும். உண்மையில் மாணவரின் குற்றச்சாட்டை அவர் கையிலிருந்து பறித்துக்கொள்ளும் செயல். மூன்றாவது வழி மொழியாசிரியர்க்கே உரியது. மாணவர் சினந்து ஒரு வாக்கியம் சொல்வார். ஆசிரியரோ அதிலுள்ள வினைமுற்றைத் திருத்துவார். இலக்கணம் நேராகும், கேட்ட கேள்வி கேட்பாரற்றுப் போகும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? 2002 சூன் 13 அன்று தென்கொரியாவில் பள்ளிச் சிறுமியர் இருவர் அமெரிக்கப் படையின் கவச ஊர்தியில் சிக்கி இறந்தனர். அதனோடு தொடர்புடைய படைவீரர் இருவரையும் அமெரிக்கப் படை நீதிமன்றம் நவம்பரில் விடுவித்தது. மக்கள் மெழுகுத் திரி ஏந்தித் தெருவில் இறங்கினர். ஆங்கிலம் கற்பிக்கும் அமெரிக்கர் அந்நாட்டில் மிகுதி. அன்று ஒரு சிறுவன் தன் ஆசிரியரை நோக்கி, 'அமெரிக்கா கெட்டது' என்று ஆங்கிலத்தில் சொல்லியிருப்பானாயின், அவனிடம் இருந்த ஆங்கிலம் அவ்வளவே. ஊர்தியை ஓட்டியவர், விடுவித்த நீதிமன்றம், அந்நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்த உடன்படிக்கை, இவை எதையும் அறியாத ஒரு விவசாயி, இத்தனை பேரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். இவர்களைப் பிரித்துச் சொல்லும் சொற்களை அவனுக்குத் தருவதே மொழியாசிரியர் பணி. அச்சொற்கள் கிடைத்த பின் அவன் குற்றச்சாட்டு முன்னிலும் கூர்மையாகலாம். ஆகட்டும். தம்மைக் குத்தக்கூடிய ஊசியையும் கூர்தீட்டித் தருபவரே ஆசிரியர்.

என் வகுப்பறை

தொடக்கத்தில் ஒரு கடன் வைத்தேன். அதனைத் தீர்க்கிறேன்.

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் சங்கப் பாடல் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். அதில் 'சேரி' என்ற சொல் வந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "அம்மா, இந்தச் சேரியும் எங்கள் சேரியும் ஒன்றா?" என்று கேட்டார். வகுப்பு அமைதியாயிற்று. நான் சொல்லாராய்ச்சியில் இறங்கினேன். சேர்ந்து வாழும் இடம் சேரி. சங்க காலத்தில் அதற்கு இழிபொருள் இல்லை. பிற்காலத்தில் பொருள் திரிந்தது என்றேன். எல்லாம் சரியான செய்திகளே. சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போனேன்.

அவர் கேட்டது சொற்பொருள் அன்று. அப்பொருளைத் திரித்தவர் யார், திரிந்தபோது அந்த ஊரில் இருந்தவர்க்கு என்ன நேர்ந்தது, இத்தனை நூற்றாண்டு இலக்கியம் அதற்கு என்ன விடை வைத்திருக்கிறது என்பதே கேள்வி. என் தமிழின்மேல், நான் முனைவர் பட்டம் பெற்ற துறையின்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு அது. நான் அதனை அகராதியால் மூடினேன். மூன்றாவது தப்பு வழியைப் பற்றி இவ்வளவு உறுதியாக என்னால் பேச முடிவதற்குக் காரணம், அவ்வழியில் நான் நடந்திருக்கிறேன் என்பதுதான். அந்த மாணவர் படிப்பு முடியும்வரை என் வகுப்பில் மறுபடி எழுந்து எதுவும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பாடலுக்கு வரும்போதெல்லாம் அவர் கேட்ட கேள்வியை நானே வகுப்பில் கேட்கிறேன். பதில் முழுமையாக எனக்குத் தெரியாது என்றும் சொல்கிறேன். அன்றுதான் வகுப்பில் மிகுதியான கைகள் உயர்கின்றன. ஆயினும் முதலில் கேட்டவர்க்கு நான் பட்ட கடன் அப்படியே இருக்கிறது.

கவிஞர் பெருமக்களே! நாம் நேசிக்கும் ஒன்றின்மேல் பழி வரும்போது நம் கை தானாகவே கேடயத்தைத் தேடுகிறது. அது நாடாகலாம், மொழியாகலாம், நேற்று இரவு எழுதி முடித்த கவிதையாகவும் இருக்கலாம். அவ்வேளையில் சற்றே பொறுத்து, சொன்னவரை இன்னும் ஒருமுறை, இன்னும் தெளிவாகச் சொல்லக் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். இந்த வட்டம் பத்தாண்டுகள் அதனைப் பழகியிருக்கிறது. இன்னும் பல பத்தாண்டுகள் பழக வேண்டும் என வாழ்த்துகிறேன்.